பாவாடை கட்டிய இளவரசர்கள்: ஞாயிறு மலர்ப் படமும் நம்மூர் ஸ்டுடியோப் படங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியப் பிரபு குடும்பங்களின் தாய்–சேய் ஓவியங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தோம். பரோக் காலத்து (ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம்) ஓவியத்துக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியதில் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் முதல் படத்தின் கீழே "மூன்று இளவரசிகள்" என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது ஓர் இளவரசிதான். மற்ற இருவரும் ஆண் பிள்ளைகள். இருவருமே பின்னாளில் இங்கிலாந்தின் அரியணை ஏறியவர்கள்.

இங்கிலாந்து அரசவை ஓவியர் வான் டைக் 1635-இல் வரைந்த அந்தப் படம் இப்போது இத்தாலியின் டுரின் நகரில் இருக்கிறது. முதலாம் சார்லஸ் மன்னரின் மூத்த பிள்ளைகள் மூவர்: சார்லஸ், மேரி, ஜேம்ஸ். மூத்தவனுக்கு ஐந்து வயது, கடைக்குட்டி ஜேம்ஸுக்கு இரண்டு. மூவருக்குமே தரை தொடும் பாவாடைதான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஆண் பிள்ளைக்கு ஆறேழு வயது வரை கால்சட்டை கிடையாது. ஈரமானால் மாற்றுவது எளிது. பிள்ளை வளர வளர ஓரத்து மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே உடுப்பு இன்னும் ஒரு வருடம் வரும். முதல் கால்சட்டை போடும் நாள் குடும்பத்தில் ஒரு சடங்கு மாதிரி. முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் சடை பின்னி, பூ வைத்து, பட்டுப் பாவாடை கட்டிப் படம் எடுத்துவைக்கும் வழக்கம் உள்ள நம்மூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு உடுப்பின் மேல் வழக்கமாகக் கட்டும் வெள்ளை ஏப்ரனை வான் டைக் வரையாமல் விட்டுவிட்டார் என்று மன்னர் கோபப்பட்டதாக, லண்டனில் இருந்த சவாய் நாட்டுத் தூதர் கடிதம் எழுதினார். படம் போய்ச் சேர வேண்டிய இடம், டுரினைத் தலைநகராகக் கொண்ட அந்தச் சவாய். அங்கே இருந்தவர் பிள்ளைகளின் பெரியம்மா கிறிஸ்டின், அரசி ஹென்றியட்டா மரியாவின் அக்காள். ஒரு துண்டுத் துணி இல்லாததற்கு ஏன் அவ்வளவு கோபம்? வயதுக்குத் தகுந்த உடுப்பு, பதவிக்குத் தகுந்த நிறம், கையில் உரிய பொருள் என்று ஒவ்வொன்றும் படிக்கப்படும் ஓவியம் அது. வான் டைக் மூவரையும் மறுபடி வரைந்தபோது மூத்தவன் கால்சட்டைக்கு மாறியிருந்தான்.

பாவாடைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. இறகு குத்திய தொப்பி, தோளிலிருந்து குறுக்கே வரும் வாள்பட்டை, கையில் கோல், மார்பின் நடுவே நேராக இறங்கும் பொத்தான் வரிசை இவையெல்லாம் ஆண் பிள்ளைக்கு. கழுத்தை ஒட்டிய முத்துமாலையும் தோள் அகன்ற கழுத்து வெட்டும் பெண் பிள்ளைக்கு. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, இரண்டு மூன்று சேர்ந்து வர வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் தம்மையும் மனைவி ஹெலெனாவையும் பிள்ளையையும் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. அதிலுள்ள பிள்ளை யார் என்பதில் வல்லுநர்களே நெடுங்காலம் மாறுபட்டார்கள். மகன் ஃபிரான்ஸ் என்றே இப்போது சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் உடுப்போடு ஒரு வார் இணைந்திருக்கும். அது அலங்காரம் இல்லை. தளர்நடை போடும் பிள்ளை விழாதபடி பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் வார். நம் வீட்டு நடைவண்டியின் வேலையை அது செய்தது.

அடுத்து, இந்த ஓவியங்கள் தாய்ப்பாசத்தைப் படம் பிடித்தவை என்று கட்டுரை சொல்கிறது. பாதிதான் உண்மை. பிரபு வீட்டார் ஓவியனை அழைத்தது வம்சத்தைக் காட்ட. பாசம் சில படங்களில் தானாக வந்து சேர்ந்தது. ஜெனோவாவில் 1623-இல் வான் டைக் வரைந்த எலெனா கிரிமால்டி கட்டானியோ சீமாட்டியின் படத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட 2.4 மீட்டர் உயரம். கறுப்பு உடையில் மாடத்தில் நடந்து வருகிறார். பின்னால் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் சிவப்புக் குடை பிடிக்கிறான். செல்வத்தின் அடையாளமாக நிறுத்தப்பட்ட பிள்ளை அவன். படத்தின் தலைப்பில் அவனுக்கு இடமில்லை. அந்தச் சீமாட்டிக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களை அம்மாவோடு சேர்த்து வரையச் சொல்லவில்லை, தனித்தனிக் கேன்வாஸில் வரையச் சொன்னார்கள். மகன் ஃபிலிப்போ நாய்க்குட்டியைப் பிடித்தபடி நிற்கிறான், மகள் கையில் ஓர் ஆப்பிள். மூன்றும் இன்று வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. தாயும் சேயும் ஒரே கேன்வாஸில் இருக்கும் படங்களிலும் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அம்மா நம்மைப் பார்ப்பார் அல்லது நமக்கு அப்பால் எங்கோ பார்ப்பார், பிள்ளை நம்மைப் பார்க்கும். உறவைச் சொல்லும் வேலை கைக்குத்தான். பிள்ளையின் தோளில் அம்மாவின் விரல்கள் எப்படிப் படிந்திருக்கின்றன, எந்தப் பக்கம் நீள்கின்றன என்பதில்தான் படத்தின் பேச்சு இருக்கிறது.

ஸ்பெயின் அரண்மனைப் படங்களைத் திருநெல்வேலிக்காரர்கள் மற்றவர்களைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள் என்பது எங்கள் எண்ணம். நான்காம் பிலிப் மன்னர் 1649-இல் மணந்த மரியானா அவருடைய சொந்த அக்கா தங்கை வழி மருமகள். அதாவது மரியானாவுக்கு அவர் தாய்மாமன். அவர்களின் மகள் மார்கரீட்டாவையும் அவளுடைய தாய்மாமனான வியன்னாப் பேரரசர் லியோபோல்டுக்கே பேசி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் எப்படி வளர்கிறாள் என்று காட்ட அரண்மனை ஓவியர் வெலாஸ்க்கெஸ் வரைந்து அனுப்பிய படங்கள்தாம் இளஞ்சிவப்பு உடையிலும் வெள்ளை உடையிலும் நீல உடையிலும் நிற்கும் மார்கரீட்டாக்கள். அதனால்தான் அவை இன்று மாட்ரிட்டில் இல்லாமல் வியன்னாவில் தொங்குகின்றன. 1666-இல் திருமணம் நடந்தது. 1673-இல், 21 வயதில் அவள் இறந்துபோனாள். 1656-இல் வெலாஸ்க்கெஸ் வரைந்த "லாஸ் மெனினாஸ்" என்ற மாபெரும் ஓவியத்தின் நடுவில் நிற்பதும் இதே பெண்தான். அம்மாவும் அப்பாவும் அந்தப் படத்தில் பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான். மகள் முன்னால், தாய் கண்ணாடியில். இப்படியும் ஒரு தாய்–சேய் ஓவியம் உண்டு.

கட்டுரை "பொம்மைகள்" என்று ஒரே சொல்லில் கடந்துபோன இடத்தில் எங்களுக்கு மனம் நின்றுவிட்டது. மார்கரீட்டாவின் தம்பி பெலிப்பே புரோஸ்பெரோவை 1659-இல் வெலாஸ்க்கெஸ் வரைந்தார். சிவப்பு உடுப்பு, மேலே வெள்ளை ஏப்ரன். அந்த ஏப்ரனுக்கு மேலே கயிறுகளில் ஒரு சிறு மணி, அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) உருண்டை, தாயத்துகள். நோயாளிப் பிள்ளை. கண்ணேறு படக் கூடாது, நோய் அண்டக் கூடாது என்று கட்டியவை அவை. நான்கு வயது நிறையும் முன்பே, 1661 நவம்பரில் பிள்ளை போய்விட்டது. நாற்காலியின் மேல் தளர்ந்த கை, பக்கத்தில் படுத்திருக்கும் சிறு வெள்ளை நாய், நெற்றியில் வெளிர்ந்த வெளிச்சம். அரைஞாண் கயிற்றில் தாயத்தும், மணிக்கட்டில் வசம்பும், கன்னத்தில் மைப்பொட்டுமாகப் பிள்ளை வளர்க்கும் ஊரில் இந்தப் படத்துக்கு விளக்கவுரையே வேண்டாம். "பொம்மை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐம்படைத் தாலி என்று நம் இலக்கியம் சொல்வதன் வேலையைத்தான் அந்த மணியும் அம்பரும் செய்தன. வேறு படங்களில் பிள்ளையின் கையில் இருக்கும் வெள்ளிக் கிலுகிலுப்பையின் முனையில் ஒரு பவளத் துண்டு இருக்கும். பல் முளைக்கும்போது கடிக்கவும் அதுவே, திருஷ்டிக்கும் அதுவே.

பவளத்தைச் சொன்னால் முத்தையும் சொல்ல வேண்டும். லண்டன் நேஷனல் கேலரியில் பியேர் மின்யார் 1691-இல் வரைந்த படம் ஒன்று உண்டு. பிரான்சின் கடற்படை அமைச்சராக இருந்து முந்திய ஆண்டு இறந்த செனியலே பிரபுவின் மனைவி, கடல்தேவதை தீட்டிஸாக வேடமிட்டு இரண்டு மகன்களோடு இருக்கிறார். தலையில் முத்தும் பவளமும். ஒரு மகன் தீட்டிஸின் மகனான போர்வீரன் அக்கிலீஸ் கோலத்தில், இன்னொருவன் சிறகுள்ள காமன் கோலத்தில். நீலப் போர்வைக்கு, லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லை அரைத்துச் செய்யும் அல்ட்ராமரைன் கொட்டியிருக்கிறது. அன்று ஓவியன் வாங்கிய நிறங்களில் அதைவிட விலை கூடியது அரிது. கணவரை இழந்த பெண் தன் மகன்களின் எதிர்காலத்துக்காகச் செய்த செலவு என்று அதைப் பார்க்க வேண்டும். "பரோக்" என்ற சொல்லே கோணல்மாணலான முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1658-இல் டச்சுக்காரர் பிடிக்கும் வரை தூத்துக்குடி முத்துக்குளித்துறை போர்த்துகீசியர் கையில் இருந்ததை நினைத்தால், ஆணிமுத்துக்கும் கோணல்முத்துக்கும் வேறுபாடு தெரிந்த இந்தக் கரைக்கு அந்தச் சொல் அந்நியமாகத் தோன்றாது.

இப்போது நாங்கள் எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறோம். நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் முதல் பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் "ராயல் போர்ட்ரெய்ட்" என்று அம்மாவையும் பிள்ளையையும் இந்தப் பாணியில் அச்சடித்தும், சிலர் கையாலேயே வரைந்தும் கொடுக்கிறார்கள். கட்டுரையும் அதைப் பாராட்டியிருந்தது. ஆசை நல்லதுதான். ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஓவியர்களிடமிருந்து நாம் வாங்க வேண்டியது வேலைமுறை. கவுனும் லேஸ் கழுத்தும் நமக்குத் தேவையில்லை. கண்டாங்கியோ பட்டோ கட்டிய அம்மா, கொலுசு போட்ட பிள்ளை, வசம்பு வளையல் ஆகியவற்றையே அந்த முறையில் வரையலாம்.

அச்சுப் படங்களில் நடக்கும் பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு வயதுப் பிள்ளையின் உயரம் அதன் தலையைப் போல நான்கு மடங்கு. மூன்று வயதில் ஐந்து மடங்கு, ஐந்தாறு வயதில் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு, பெரியவர்களுக்கு ஏழரை. வான் டைக் சீமாட்டிகளை எட்டுக்கு மேல் நீட்டியிருப்பார். கண்மட்டத்தைத் தாழ்த்தி வைத்ததால் அந்த நீட்டல் உறுத்தாது. ஐந்து வயது இளவரசனின் உடம்பில் ஒரு வயதுப் பிள்ளையின் முகத்தை ஒட்டினால், முகத்தைச் சுருக்கித்தான் ஒட்ட முடியும். அப்போது பிள்ளை குட்டிக் கிழவனைப் போல் ஆகிவிடும். காரணம் இதுதான், வேறில்லை. இன்னொன்று, ஸ்டுடியோவில் இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்த முகத்தில் இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு வெள்ளைப் புள்ளி இருக்கும். ஓவியத்தின் உடம்புக்கோ ஒரே பக்கத்து வெளிச்சம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் முகம் மிதப்பது தெரியும். மூன்றாவது, படம் முழுவதும் டீத்தண்ணீர் நிறம் பூசுவது. பரோக் ஓவியம் பழுப்பாக வரையப்பட்டதில்லை. பழைய வார்னிஷ் மஞ்சளித்துப் போனதால் வந்த நிறம் அது. சுத்தம் செய்த படங்களில் வெள்ளி போன்ற சாம்பல் நிறமும் குளிர்ந்த நீலமும் வெளியே வந்திருக்கின்றன. நான்காவது, காலம் கலப்பது. கழுத்தைச் சுற்றி வட்டமாக விறைத்து நிற்கும் மடிப்புக் காலர் 1620-கள் வரை. தோளில் சரிந்து விழும் லேஸ் காலர் 1630-களில். 1660-களில் பீட்டர் லெலி வரைந்த சீமாட்டிகளுக்குக் காலரே இல்லாத தளர்ந்த பட்டு. மூன்றையும் ஒரே குடும்பப் படத்தில் பார்த்தோம்.

ஐந்தாவது எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது. பிள்ளையின் நிறத்தை வெளுக்க வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருட்டுப் பின்னணியில் வெள்ளைத் தோல் பளிச்சென்று தெரிவதால் அந்த ஓவியர்கள் அந்தப் பின்னணியை வைத்தார்கள். நம் தோலுக்குப் பின்னணியைத்தான் மாற்ற வேண்டும். தலைமுடியைவிட ஒரு படி வெளிறிய, சற்றே பச்சை கலந்த சாம்பல் நிறம் வையுங்கள். முடியின் ஓரமும் தெரியும், கன்னத்தின் சூடும் எடுபடும்.

கையால் வரைபவர்களுக்கு: அம்மா உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருக்கும் படத்துக்கு 4 அடிக்கு 3 அடி கேன்வாஸ் போதும். அம்மாவின் தலை உச்சியிலிருந்து தாடை வரை 8 அங்குலம் என்றால் ஒரு வயதுப் பிள்ளையின் தலை ஆறரை முதல் 7 அங்குலம். இந்தக் கணக்கு முதல் நாளே கரித்துண்டால் குறிக்கப்பட வேண்டும். பிள்ளையின் கண் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே வரும், நடுக்கோட்டில் வைத்தால் வயது கூடிவிடும்.

ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும். ஐரோப்பிய ஓவியப் பாடங்களில் வடக்கு ஜன்னல் என்று சொல்லியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே ஏமாந்துபோவோம். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அடிக்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டினால் ஒளி மென்மையாகி நிலைக்கும். ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்துவிடுங்கள். வெளிச்சம் மேலிருந்து 45 பாகையில் விழுந்து, மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். பிள்ளையின் தாடைக்குக் கீழே விழும் நிழல் மட்டும் மென்மையாக இருக்கட்டும். அம்மாவின் உடையிலிருந்து தெறிக்கும் ஒளி அங்கே வரும், அதை விட்டால் பிள்ளையின் தலை உடம்பிலிருந்து வெட்டிவைத்தது போலாகும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாகத் தொடங்காதீர்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் இருட்டாகத் தோன்றும். அதனால் கை தானாக வெளிறிய நிறத்தை எடுத்து, கடைசியில் முகம் சுண்ணாம்பு பூசினது போல முடியும். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு மண்நிறம்), வெள்ளை, கொஞ்சம் கறுப்பு சேர்த்து டர்பன்டைனில் கரைத்து, நடுத்தரச் சாம்பல் பழுப்பாக முழுவதும் தேய்த்து இரண்டு நாள் காயவிடுங்கள். ரூபன்ஸும் வெலாஸ்க்கெஸும் அடிநிறத்தை இப்படி வைத்து, பல இடங்களில் அதையே நடுநிழலாகத் தெரிய விட்டார்கள். கன்னத்தில் ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெளிர்நிறம் அந்த அடிநிறத்தின் மேல் படியும்போது தானாக ஒரு நீலச்சாம்பல் பிறக்கும். அதைக் கலந்து செய்ய முடியாது.

நம் மாநிறத்துக்கு ஒளிப்பகுதி: யெல்லோ ஓக்கர் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு, டைட்டானியம் ஒயிட் 1 பங்கு, வெர்மிலியன் ஒரு நுனி. நிழல்: பர்ன்ட் அம்பர் 2 பங்கு, அல்ட்ராமரைன் அரைப் பங்கு, அலிசரின் கிரிம்சன் ஒரு நுனி. முகத்தின் நிழலுக்கு ஐவரி பிளாக் வேண்டாம், கன்னம் அழுக்குப் பிடித்தது போலாகும். நெற்றியின் மினுப்புக்குச் சுத்த வெள்ளை வைக்காதீர்கள். கறுத்த தோலில் மினுப்பு வானத்தின் ஒளி, அதனால் அதில் சற்று நீலம் இருக்கும். அன்றைய ஓவியர்கள் வைத்தது ஈய வெள்ளை. அது நஞ்சு. பிள்ளை தவழும் வீட்டில் அதைத் திறக்கவே கூடாது.

பிள்ளை எவ்வளவு நேரம் உட்காரும்? பத்து நிமிடம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் அழுகிற முகம்தான் கிடைக்கும். இதற்கு வான் டைக்கின் வழியே நல்ல வழி. அவருக்குப் பழக்கமான யாபாக் என்ற வங்கிக்காரர் சொன்னதாக எழுதப்பட்டிருக்கும் விவரம் இது: ஒருவரை ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்க மாட்டார். தலையைத் தொடங்கிய பிறகு, சாம்பல் தாளில் கறுப்பு வெள்ளைச் சாக்கால் உடம்பையும் உடையையும் கால் மணி நேரத்தில் கோட்டில் பிடித்துவிடுவார். உடுப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு உதவியாளர்கள் அந்தப் பகுதியை வரைவார்கள். கைகளுக்கு வேறு ஆட்களை வைத்துக்கொள்வார். நாமும் அப்படியே செய்யலாம். பத்துப் பத்து நிமிடமாக மூன்று நாள், முகம் மட்டும். பட்டுப் பாவாடையையும் சேலையையும் தலையணைக்கு உடுத்திவைத்து நிதானமாக வரையலாம். அம்மாவின் கை மட்டும் அம்மாவின் கையாகவே இருக்கட்டும், அதற்கு மாற்று ஆள் வேண்டாம்.

பட்டின் மினுமினுப்பு கலக்கிக் கலக்கி வருவதில்லை. மடிப்பின் முகட்டில் ஒரே இழுப்பில் வெளிச்சம், அதை ஒட்டியே இருட்டு, நடுவில் விரலால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பட்டு பருத்தியாகிவிடும். சரிகைக்குக் கடையில் விற்கும் தங்க பெயின்ட் வாங்காதீர்கள், ஒரு கோணத்தில் பளபளத்து மறு கோணத்தில் கறுக்கும். பழுப்பின் மேல் ஓக்கர், அதன் மேல் அங்கங்கே வெளிர்மஞ்சள் புள்ளி போதும். முத்துக்கு நான்கு தொடல்: சாம்பல் உருண்டை, ஒளிக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் இருட்டு, அந்த இருட்டின் கீழ் ஓரத்தில் மங்கிய எதிரொளி, மேலே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. எதிரொளி அந்தப் புள்ளியைவிடப் பிரகாசமானால் கண்ணாடி மணியாகும். சுற்றிலும் கோடு போட்டால் மொச்சைக்கொட்டையாகும்.

காய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்ன்ட் அம்பர் ஒன்றிரண்டு நாளில் காயும், கறுப்பும் அலிசரினும் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். மெதுவாகக் காயும் கறுப்பின் மேல் சீக்கிரம் காயும் நிறத்தைப் போட்டால் மேல்படலம் வெடிக்கும். அடிப்படலத்தில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) அதிகம் என்ற விதியை மாற்றாதீர்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்னிஷ் போட்டால் ஈரம் பிடித்து வெண்மூட்டம் போட்டுவிடும். மாசி, பங்குனி நல்ல காலம். வெளியே மழைச்சாரல் படும் சுவரின் உட்பக்கத்தில் மாட்டுவதாக இருந்தால் சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போக வழி விடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பூக்கும்.

நெல்லைச் சீமைக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. திருப்புடைமருதூர்க் கோபுரத்து மாடங்களிலும் குற்றாலம் சித்திர சபையிலும் சுவர் முழுக்க ஓவியம். அங்கே ஒரு பக்கத்து ஒளியும் இல்லை, விழும் நிழலும் இல்லை. கோடும் தட்டையான நிறமும்தான் உருவத்தைத் தூக்கிக் காட்டுகின்றன. பரோக் முறையைக் கற்கும் மாணவர்கள் அவற்றையும் ஒரு நாள் போய்ப் பார்த்தால், ஒளியால் செய்வது எது, கோட்டால் செய்வது எது என்பது ஒரே நாளில் விளங்கும்.

தங்களுக்கு மூன்று வேண்டுகோள். இப்படிப்பட்ட ஓவியத்தை அச்சிடும்போது ஓவியர் பெயர், ஆண்டு, இருக்கும் இடம், அளவு நான்கையும் படத்தின் கீழே கொடுங்கள். 2.4 மீட்டர் படமும் உள்ளங்கை அளவுப் படமும் மலரில் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. இரண்டாவது, இடத்துக்காகப் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டாதீர்கள். தாழ்ந்த கண்மட்டமும் பாவாடை ஓரமும் நாயும் பிள்ளையின் காலும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது, செய்தித்தாளில் மை ஊறும். கறுப்பு உடையில் உள்ள மடிப்புகள் எல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே கரும்பலகையாக வந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் நடு நிறங்களைச் சற்று வெளிறச் செய்யச் சொன்னால் கறுப்புக்குள் இருக்கும் கறுப்புகள் தெரியும்.

வரும் ஞாயிறு மலரில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறோம். அதில் "இளவரசர் சார்லஸ், இளவரசி மேரி, இளவரசர் ஜேம்ஸ், வான் டைக், 1635, டுரின்" என்று இருந்தால் போதும். இடம் இருந்தால் அதே பக்கத்தில் பெலிப்பே புரோஸ்பெரோவின் படத்தையும் வெட்டாமல் போடுங்கள், ஏப்ரன் மேல் தொங்கும் அந்த மணி தெரியும்படியாக.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.